என்டிபி தரநிலை எழுதும் வேலையில் வேலூரிலிருந்து சேருவது எப்படி

மூன்று வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சுருள் செம்புக் கம்பி காணாமல் போனது. கேட்டில் நிற்கும் பெரியவர்மேல் சந்தேகம் விழுந்தது. விரல் வைக்கும் வருகைப் பதிவு மெஷினில் அவர் மாலை 6:01-க்கு வெளியே போனதாக இருக்கிறது, கேமரா பதிவிலோ 6:08-க்கு கேட் பக்கத்தில் பையோடு நிற்கிறார். போனவர் ஏன் திரும்பி வந்தார்? "தம்பி, சங்கு ஊதினதும் விரல் வெச்சேன், பையை எடுத்துக்கிட்டு நேரா பஸ்ஸுக்குப் போயிட்டேன், திரும்பியே பாக்கலப்பா" என்று என்னிடம் நாலு தடவை சொன்னார். கேமரா பெட்டியின் திரையையும் என் போனையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். பெட்டி ஏழு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. 6:01, 6:08 இரண்டும் ஒரே நேரம்தான்.

அந்தப் பெட்டியில் என்டிபி, அதாவது நெட்வொர்க் வழியாக இன்னொரு கணினியிடம் நேரம் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை, ஆன் செய்யப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்த டைம் சர்வர், அதாவது நேரம் சொல்லும் கணினி, எப்போதோ செத்துப்போயிருந்தது. ஒரு நாளைக்கு 1.7 வினாடி விலகினால்கூட, எட்டு மாதத்தில் ஏழு நிமிடம் சேர்ந்துவிடும். இதில் என்னை உறுத்தியது என்னவென்றால், "எனக்கு நேரம் சரியாகத் தெரியாது" என்று சொல்வதற்கு என்டிபியில் வழி இருக்கிறது. அது அனுப்பும் செய்தித் துண்டான பாக்கெட்டின் முதல் 2 பிட்டில் 3 என்ற மதிப்பு இருந்தால் இந்தக் கடிகாரம் ஒத்திசைவில் இல்லை என்று அர்த்தம், ஸ்ட்ரேட்டம் (மூலக் கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி என்ற எண்) 16 என்றாலும் அதேதான். பெட்டிக்குத் தன் நேரம் சந்தேகம் என்று தெரிந்திருக்கும். திரையில் மட்டும் அது வரவில்லை, ஏனென்றால் அப்படிக் காட்டு என்று பெட்டி செய்தவரிடம் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

அப்படி அழுத்திச் சொல்லும் வாக்கியங்களை எழுதுவதுதான் தரநிலை வேலை. அதை எழுதுவது எங்கேயோ இருக்கும் பெரிய மனிதர்கள் மட்டும்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிடையாது. அளந்து, எழுதி, விடாமல் வருகிறவர்கள் எழுதுகிறார்கள். சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்தும் எழுதலாம், காட்பாடியில் ஹாஸ்டலில் இருந்தும் எழுதலாம்.

எந்தக் கதவைத் தட்டுவது

முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் தப்பான வாசலில் நிற்பீர்கள்.

இன்டர்நெட்டில் ஓடும் என்டிபிக்குச் சொந்தக்காரர் ஐஇடிஎஃப், இன்டர்நெட்டின் விதிகளை எழுதும் திறந்த அமைப்பு. உறுப்பினர் கட்டணம் கிடையாது, உறுப்பினர் என்ற பேச்சே கிடையாது, மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும். நிறுவனத்தின் பிரதிநிதியாக இல்லாமல் தனி ஆளாகப் பேச வேண்டும் என்பதுதான் அங்கே முறை.

லோக்கல் நெட்வொர்க்கில் மைக்ரோ வினாடிக்கும் கீழே துல்லியம் தரும் பிடிபி என்ற இன்னொரு நேர முறை வேறு வீடு. அது ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 1588-ஆம் தரநிலை, முதலில் 2002-ல் வந்தது, பிறகு 2008, 2019 பதிப்புகள். அதன் பணிக்குழுவிலும் தனி ஆளாகச் சேரலாம், ஆனால் கடைசி வாக்கெடுப்பில் வாக்களிக்க ஐஇஇஇயின் தரநிலைப் பிரிவில் உறுப்பினராக இருக்க வேண்டும் அல்லது அந்த வாக்கெடுப்புக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும், ஆவணத்தையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மொபைல் டவர்களுக்கான விதிகள் ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் தரநிலைப் பிரிவு ஐடியு-டியில், 15-ஆம் ஆய்வுக் குழுவில் எழுதப்படுகின்றன. ஒவ்வொரு டவரின் நேரமும் பொதுவான மூல நேரத்திலிருந்து ஒன்றரை மைக்ரோ வினாடிக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது அங்கே வைத்த கணக்கு. அங்கே நாடுகளும் உறுப்பு நிறுவனங்களும்தான் பேசும், நமக்கு வழி தொலைத்தொடர்புத் துறை மூலமாகவோ உறுப்பினராக இருக்கும் கல்லூரி மூலமாகவோதான். இந்திய அளவில் தரநிலைகளை வெளியிடும் அரசு அமைப்பான பிஐஎஸ் வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்குச் சுற்றுக்கு விடும், அதற்கு யாரும் எழுதலாம்.

புதிதாக வருகிறவர் ஐஇடிஎஃப்பில் தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. எல்லா ஆவணமும் இலவசம், எல்லா வாக்குவாதமும் பழைய கடிதங்களோடு திறந்து கிடக்கிறது. கீழே சொல்வது முழுக்க அந்த வழி.

படிப்பது: தலைகீழாக

டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1985-ல் ஆர்எஃப்சி 958 எழுதினார். ஆர்எஃப்சி என்பது இன்டர்நெட் விதிகள் வரிசை எண்ணோடு வெளிவரும் ஆவணத் தொடர். என்டிபி அங்கே தொடங்குகிறது. மூன்றாம் பதிப்பு 1992-ல் ஆர்எஃப்சி 1305, நான்காம் பதிப்பு 2010-ல் ஆர்எஃப்சி 5905. நடுவில் 18 வருடம், இந்த வேலையின் வேகத்துக்கு அதையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார், அவர் போட்ட கணக்குதான் இன்றைக்கும் நம் போனுக்குள் ஓடுகிறது.

5905-ஐ முதலில் எடுக்காதீர்கள். நூறு பக்கத்துக்கு மேல், பாதியில் மூடி வைத்துவிடுவீர்கள். முதலில் ஆர்எஃப்சி 8633-ஐப் படியுங்கள், 2019-ல் வந்தது, என்டிபியை நடைமுறையில் எப்படி ஓட்டுவது என்று சொல்கிறது. குறைந்தது நாலு டைம் சர்வர் வையுங்கள் என்று அதில் இருக்கும். இரண்டு வைத்தால் எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது, மூன்று வைத்து ஒன்று செத்தால் மறுபடி இரண்டில் வந்து நிற்பீர்கள். அப்புறம் ஆர்எஃப்சி 8915, 2020-ல் வந்த என்டிஎஸ், அதாவது டைம் பாக்கெட்டை நடுவழியில் யாரும் மாற்றிவிடாமல் காப்பது. அதற்குப் பிறகு 5905.

படிக்கும்போது ஒரு தாளில் இந்தக் கணக்கை மட்டும் கையால் போட்டுப் பாருங்கள். நம் பெட்டி கேள்வி அனுப்பிய நேரம் 0 மில்லி வினாடி. சர்வர் தன் கடிகாரப்படி 27-ல் வாங்கி 28-ல் பதில் அனுப்புகிறது. நமக்குப் பதில் வந்தபோது நம் கடிகாரத்தில் 15. போய்வந்த பயணம் 15-இலிருந்து சர்வருக்குள் இருந்த 1-ஐக் கழித்தால் 14. விலகல், 27-ஐயும் 13-ஐயும் கூட்டிப் பாதி, 20. அதாவது நாம் 20 மில்லி வினாடி பின்னால் இருக்கிறோம்.

இதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: போகும் வழியும் வரும் வழியும் சமம், 7-ம் 7-மும். உண்மையில் போக 10, வர 4 எடுத்திருந்தால் சரியான விலகல் 17, நம் கணக்கு 3 மில்லி வினாடி பிசகிவிட்டது. பாக்கெட்டை எத்தனை முறை அனுப்பினாலும் இந்தப் பிசகு தெரியவே தெரியாது. வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கிலோமீட்டர், ஃபைபரில் ஒளி கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ வினாடி எடுக்கும், ஆக நேர்க்கோட்டில் போய்வர 1.4 மில்லி வினாடிதான். உங்கள் வீட்டிலிருந்து 14 காட்டினால் மிச்சமெல்லாம் சுற்றுவழியும் ஸ்விட்சுகளில் நின்ற நேரமும்தான். அந்த மிச்சத்தில் போக எவ்வளவு, வர எவ்வளவு என்பதுதான் இந்தத் துறையில் பாதி சண்டை. இதைக் கையால் போட்டுப் பார்த்தவருக்குப் பணிக்குழுவில் பேசுவது புரிய ஆரம்பித்துவிடும்.

அளப்பது: நம் ஊர் வெயில் இங்கே சொத்து

வேலூரை வெயிலூர் என்பார்கள். கடிகார வேலைக்கு அந்த வெயில் ஒரு பரிசோதனைக்கூடம். பெட்டிக்குள் நேரம் காட்டுவது ஒரு குவார்ட்ஸ் துண்டு, அதன் துடிப்பு சூட்டுக்குச் சூடு மாறும். மின்சாரம் இல்லாதபோது நேரத்தைப் பிடித்துவைக்கும் சின்ன பேட்டரிக் கடிகாரத்தின் குவார்ட்ஸ் பொதுவாக 25 டிகிரிக்குத் தக்கபடி செய்யப்பட்டது, 40 டிகிரியில் பத்து லட்சத்துக்குச் சுமார் 8 பங்கு மெதுவாக ஓடும். பத்து லட்சத்துக்கு ஒரு பங்கு என்பதைத்தான் பிபிஎம் என்கிறோம், 1 பிபிஎம் என்றால் நாளுக்கு 86.4 மில்லி வினாடி. ஆக 8 பிபிஎம் நாளுக்கு 0.7 வினாடி.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒரு பழைய டெஸ்க்டாப் அல்லது ராஸ்ப்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் போட்டு, என்டிபியை ஓட்டும் க்ரோனி என்ற ப்ரோக்ராமை நிறுவுங்கள். நாலு சர்வர் கொடுங்கள், அதில் டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரும், மத்திய அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்பான என்ஐசியின் சர்வரும் இருக்கட்டும். இந்திய நேரத்தைப் பராமரிப்பது அந்த ஆய்வகம்தான், கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவும் இந்த இரண்டில் ஒன்றோடு, அல்லது இவற்றோடு ஒத்துப்போகும் வேறு சர்வரோடு இணையச் சொல்கிறது. பெட்டி பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். க்ரோனியின் ட்ராக்கிங் கட்டளை ஃப்ரீக்வென்சி என்று ஒரு வரி காட்டும், உங்கள் குவார்ட்ஸ் எவ்வளவு பிபிஎம் பிசகுகிறது என்பது அதுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணையும் வெப்பத்தையும் ஒரு ஃபைலில் எழுத வைத்துவிட்டு இரண்டு வாரம் தொடாதீர்கள்.

என் மாடி அறையில் ஷீட் கூரை. கத்திரி வெயில் நாட்களில் விடிகாலை 31 டிகிரி, பிற்பகல் மூன்று மணிக்கு 42. ஃப்ரீக்வென்சி எண் காலையிலிருந்து மதியத்துக்குள் சுமார் 3 பிபிஎம் நகர்ந்தது, ஃபேன் போட்டால் சில நிமிடத்தில் திரும்ப இறங்கியது. வரைபடமாகப் போட்டபோது வெப்பக் கோடும் பிபிஎம் கோடும் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே ஏறி இறங்கின. இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை, எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் 5905-க்குள் ஒரு மாறிலி இருக்கிறது, கடிகாரம் வினாடிக்கு 15 மைக்ரோ வினாடிக்கு மேல் விலகாது என்று வைத்துக்கொண்டு பிசகின் வரம்பைக் கணக்குப் போடுகிறது. க்ரோனியோ கேட்காமல் விட்டால் 1 பிபிஎம் என்று வைத்துக்கொள்கிறது. என் 3 பிபிஎம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. ஏசி இல்லாத அறையில், மதியம் கரண்ட் போய் நெட் துண்டிக்கப்பட்ட பிறகு, பெட்டி தன் பிசகைப் பற்றிச் சொல்லும் வரம்பை நம்பலாமா? இந்தக் கேள்வியை குளிர்ந்த சர்வர் அறைகளில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்க மாட்டார்கள். நாம் கேட்கலாம், கையில் எண்ணோடு.

அளவு எடுக்கும்போது தேதியும் நேரமும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதுங்கள். 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, நம் ஜவ்வாது மலையில் காவலூரிலிருந்தும் பார்த்தார்கள். மறைப்புக்கு முன்னால் நட்சத்திர ஒளி சட்டென்று மங்கி மீண்டது, வேறு இடங்களில் பார்த்தவர்களுக்கும் அப்படியே. எந்த நொடியில் மங்கியது என்ற குறிப்புகளை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்க முடிந்ததால்தான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று நிலைநாட்ட முடிந்தது. அப்போது அது வட ஆற்காடு மாவட்டம். நேரக் குறிப்பு சரியாக இருந்தால் மலைமேல் எடுத்த அளவும் உலகத்துக்குப் பயன்படும்.

கல்லூரி நெட்வொர்க்காரர் எழுதிய ஆர்எஃப்சி

"நாமெல்லாம் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா" என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது. 2003-ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டைம் சர்வர்மேல் வினாடிக்கு லட்சக்கணக்கான பாக்கெட் வந்து கொட்டியது. முதலில் தாக்குதல் என்றே நினைத்தார்கள். பிறகு பார்த்தால் நெட்கியர் வீட்டு ரவுட்டர்களுக்குள் அந்த சர்வரின் முகவரியை நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறார்கள், பதில் வராவிட்டால் ரவுட்டர் வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பக் கேட்கும். அங்கே நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்த டேவ் ப்ளோன்கா நடந்ததை எழுதி வைத்தார், உற்பத்தியாளரோடு பேசினார், அதோடு நிற்காமல் "இப்படி முகவரியைக் கருவிக்குள் பதிக்காதீர்கள்" என்று ஒரு சின்ன ஆவணம் எழுதினார். அது 2005-ல் ஆர்எஃப்சி 4085 ஆனது, சிறந்த நடைமுறை வரிசையில் 105. புதுக் கணிதம் எதுவும் அதில் இல்லை. தனக்கு நடந்தது, அதிலிருந்து மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே போவது

என்டிபி பணிக்குழுவின் மின்னஞ்சல் குழுவில் சேருங்கள். ஐஇடிஎஃப்பின் டேட்டாட்ராக்கர் தளத்தில் குழுவின் சாசனம், ஓடிக்கொண்டிருக்கும் வரைவுகள், பழைய கூட்டக் குறிப்புகள் எல்லாம் இருக்கும். சாசனத்தைக் கண்டிப்பாகப் படியுங்கள், அதில் இல்லாத விஷயத்தை நீங்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தலைவர்கள் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

இப்போது அங்கே பெரிய வேலை என்டிபி ஐந்தாம் பதிப்பு. பழைய பதிப்பின் அதிகம் பயன்படாத முறைகளைக் கழித்துவிட்டு கேள்வி-பதில் முறையை மட்டும் வைத்திருக்கிறார்கள், பாக்கெட்டில் எந்த நேர அளவுகோல் என்று சொல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள், யுக எண்ணும் சேர்த்திருக்கிறார்கள். யுக எண் எதற்கு என்றால், என்டிபி 1900-இலிருந்து வினாடிகளை 32 பிட்டில் எண்ணுகிறது, அது 2036 பிப்ரவரி 7, வியாழக்கிழமை, நம் நேரப்படி பகல் 11 மணி 58 நிமிடம் 16 வினாடிக்கு நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்துக்குப் போகும். உங்களிடம் இருக்கும் கேமரா, வருகைப் பதிவு மெஷின், ரவுட்டர் எதையாவது தனி நெட்வொர்க்கில் கட்டி, நீங்களே ஒரு டைம் சர்வர் ஓட்டி, அந்தத் தேதிக்கு முந்தின நிமிடத்தைக் கொடுத்துப் பாருங்கள். கிடைக்கும் முடிவு தானே ஒரு நல்ல முதல் கடிதம்.

ஒரு மாதம் படித்துக்கொண்டே இருங்கள், அதற்குப் பிறகு எழுதுங்கள். முதலில் எழுத வேண்டியது சொந்த வரைவு இல்லை, மற்றவர் வரைவுக்கு விமர்சனம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வரைவு எழுதுகிறவர்கள் ஏராளம், உட்கார்ந்து வரிவரியாகப் படித்துப் பதில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு, அதனால் ஒரு நல்ல விமர்சனம் எழுதினாலே உங்கள் பெயர் நினைவில் நிற்கும். நான் அனுப்பிய முதல் விமர்சனம் எட்டே வரி. எந்தப் பிரிவு, எந்த வாக்கியம், அதைப் படித்து ப்ரோக்ராம் எழுதுகிறவர் எப்படி இரண்டு விதமாகப் புரிந்துகொள்வார், அதற்குப் பதில் எந்த வாக்கியம் போடலாம். ஆசிரியர் இரண்டு நாளில் நன்றி சொல்லி மாற்றிவிட்டார்.

கடிதங்கள் ஆங்கிலத்தில்தான். பயப்படாதீர்கள், அங்கே எழுதுகிறவர்களில் நிறையப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். "மரியாதைக்குரிய ஐயா, வணக்கங்கள் பல" என்று நம் அலுவலகக் கடிதம் போல் ஆரம்பிக்க வேண்டாம், நேராக விஷயத்துக்கு வாருங்கள், பெயர் சொல்லி அழைப்பதுதான் அங்கே மரியாதை. வயதில் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்குக் கொஞ்ச நாள் கை வரவில்லை, பழகிவிடும். அவர்களும் "இது தப்பு" என்று ஒரே வரியில் எழுதுவார்கள், அது உங்களைச் சொன்னது இல்லை, உங்கள் வாக்கியத்தைச் சொன்னது.

ஆன்லைன் கூட்ட நேரம் யூடிசியில் வரும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நமக்கு இரவாகத்தான் இருக்கும். வருடத்துக்கு மூன்று பெரிய கூட்டம் நடக்கும், ஆன்லைனில் கலந்துகொள்ளக் கட்டணம் உண்டு, கட்ட முடியாதவர்களுக்கு விலக்கும் உண்டு, தயங்காமல் கேளுங்கள். கூட்டத்துக்கு முந்தின சனி ஞாயிறில் நடக்கும் ஹேக்கத்தான் இலவசம். ப்ரோக்ராம் எழுதத் தெரிந்த மாணவர்கள் அங்கிருந்து நுழைவது நல்லது. வரைவில் இருப்பதை ஓட்டிக் காட்டுகிற ஒரு ப்ரோக்ராமுக்குப் பத்துப் பக்க வாதத்தைவிட மதிப்பு அதிகம்.

வாக்கியம் எழுதுவது

என் கேமரா பெட்டிக் கதையையே எடுத்துக்கொள்வோம். "கருவிகள் சரியான நேரத்தைக் காட்ட வேண்டும்" என்று எழுதினால் அது ஆசை, தரநிலை இல்லை. எப்படிச் சோதிப்பது? யார் மீறினார் என்று எப்படிச் சொல்வது? இப்படி எழுதிப் பாருங்கள்: "தன் சர்வர்கள் எதிலிருந்தும் தொடர்ந்து 24 மணி நேரம் செல்லுபடியாகும் பதில் கிடைக்காத கருவி, அதற்குப் பிறகு பதியும் ஒவ்வொரு நேர முத்திரையோடும் ஒத்திசைவு இல்லை என்ற குறியைச் சேர்க்க வேண்டும்." இப்போது சோதிக்கலாம்: வயரைப் பிடுங்கு, 24 மணி நேரம் காத்திரு, பதிவைப் பார். உடனே கேள்விகளும் வரும். ஏன் 24? 12 ஆகாதா? அங்கேதான் உங்கள் மாடி அறை அளவு கைகொடுக்கும். திருத்தம் எதுவும் செய்யாத, 20 பிபிஎம் பிசகும் பெட்டி 24 மணி நேரத்தில் 1.7 வினாடி போகும், ஒரு கேட் தகராறுக்கு அது தாங்கும், வங்கிக் கணக்குக்குத் தாங்காது. ஆகவே எண்ணை நிரந்தரமாக எழுதாமல், தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்க விட்டு, உச்சவரம்பு மட்டும் சொல்லலாமா என்று யோசிப்பீர்கள். ஒரு வாக்கியம் இப்படித்தான் முதிரும்.

"வேண்டும்" என்பதற்கு அங்கே மூன்று படி உண்டு: மஸ்ட், ஷுட், மே. 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2119 இவற்றுக்குப் பொருள் சொல்கிறது, பெரிய எழுத்தில் இருந்தால்தான் அந்தப் பொருள் என்று 2017-ல் 8174 தெளிவாக்கியது. மஸ்ட் போட்டால் விதிவிலக்கே இல்லை. ஷுட் போட்டால், நல்ல காரணம் இருந்தால் விடலாம், அப்போது எந்தக் காரணம் நல்ல காரணம் என்று நீங்களே ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் பார்த்த பலவீனமான வரைவுகள் எல்லாவற்றிலும் விளக்கம் இல்லாத ஷுட் கொட்டிக் கிடக்கும்.

பாதுகாப்புப் பகுதியைக் கடைசியில் ஒப்புக்கு எழுதாதீர்கள். நேரத்தை மாற்ற முடிந்தவன் காலாவதியான டிஜிட்டல் சான்றிதழைச் செல்லுபடியாக்கலாம், பதிவுகளைக் குழப்பலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. கரண்ட் போய்வந்த பிறகு, பேட்டரிக் கடிகாரம் இல்லாத பழைய ராஸ்ப்பெர்ரி பை பெட்டி பழைய தேதியோடு எழுந்திருக்கும். என்டிஎஸ் சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்க நேரம் தெரிய வேண்டும், நேரம் தெரிந்துகொள்ள சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். 8915 இந்தச் சிக்கலைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இருக்கிறவர் அந்தப் பகுதியைப் படித்தால் சொல்வதற்கு நிச்சயம் ஏதாவது இருக்கும்.

வரைவு, பிறகு காத்திருப்பு

சொந்த வரைவு எழுதும் நாள் வந்தால், கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் குழுவின் பெயரும் பொருளும் வரும், கடைசியில் 00. ஒவ்வொரு திருத்தத்துக்கும் 01, 02 என்று ஏறும். ஆறு மாதம் தொடாமல் விட்டால் காலாவதி. பெரிய கூட்டத்துக்கு முந்தின இரண்டு வாரம் புது வரைவு ஏற்ற முடியாது, கடைசி நாளில் எல்லாரும் முண்டியடிப்பார்கள், அதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். நீளம் வேண்டாம், எட்டுப் பக்கம் போதும். பிறகு குழு இதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளுமா என்று தலைவர்கள் கேட்பார்கள். எடுத்துக்கொண்டால் கோப்பில் உங்கள் பெயர் இருந்த இடத்தில் ஐஇடிஎஃப் என்று வரும். அன்றிலிருந்து அது குழுவின் ஆவணம், நீங்கள் அதன் எழுத்தர். பிடிக்காத முடிவையும் நேர்மையாக எழுதித்தான் ஆக வேண்டும்.

முடிவு எடுப்பது வாக்கெடுப்பில் இல்லை. நேரில் நடக்கும் கூட்டத்தில் "இதற்கு ஒத்துக்கொள்கிறவர்கள் உம் கொட்டுங்கள்" என்பார்கள், பாட்டி கதை சொல்லும்போது நாம் கொட்டுவோமே, அந்த உம்தான். எந்தப் பக்கம் சத்தம் பெரிது என்று பார்ப்பதோடு அது முடியாது. எதிர்த்தவரின் காரணத்துக்குப் பதில் சொல்லப்பட்டதா என்பதுதான் கணக்கு, 2014-ல் வந்த ஆர்எஃப்சி 7282 இதை அழகாக விளக்குகிறது. அறையில் நிற்கும் ஐம்பது பேரைவிட வேலூரிலிருந்து ஒரே ஒருவர் சொன்ன தொழில்நுட்பக் காரணம் சரியாக இருந்தால், அதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. எனக்கு இந்த ஒரு விதிக்காகவே அந்த இடம் பிடிக்கும்.

வேலையில் இருக்கிறவர்கள் முதல் கடிதத்துக்கு முன்பே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதும் விஷயத்தில் உங்கள் நிறுவனத்துக்குக் காப்புரிமை இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் அதை வெளியே சொல்லியாக வேண்டும் என்பது ஐஇடிஎஃப் விதி. அலுவலகத்தில் எடுத்த பதிவுகளை அனுமதி இல்லாமல் அனுப்பாதீர்கள், வீட்டுப் பெட்டியில் எடுத்த அளவே போதும்.

வரைவு முடிந்த பிறகு ஏற வேண்டிய படிகள் இவை: குழுவின் கடைசி அழைப்பு (கடைசியாக ஒருமுறை கருத்து கேட்பது), துறை இயக்குநரின் பார்வை, ஐஇடிஎஃப் முழுவதற்கும் கடைசி அழைப்பு, மேற்குழு. ஒவ்வொரு படியிலும் புதிதாக ஒருவர் வந்து புதுக் கேள்வி கேட்பார், வருடக்கணக்கில் ஓடும். கேள்விகளையும் உங்கள் பதில்களையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், இரண்டு வருடம் கழித்து அதே கேள்வி திரும்ப வரும்.

கடைசிப் படிக்கு ஆத்48 என்று பெயர். அச்சுக்குப் போகும் உரையை ஆசிரியர்களுக்கு அனுப்பி 48 மணி நேரத்தில் பார்க்கச் சொல்வார்கள், நடைமுறையில் வாரக்கணக்கில் நீளும். அன்றைக்கு ஒரு ஸ்கேலும் பேனாவும் எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படியுங்கள். மில்லி இருக்க வேண்டிய இடத்தில் மைக்ரோ இருக்கிறதா, மஸ்ட் நாட் என்பதில் நாட் விழுந்துவிட்டதா, கணக்கில் கழித்தல் குறி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஆர்எஃப்சி எண்ணோடு வெளிவந்துவிட்டால் அந்த உரையில் ஒரு புள்ளியைக்கூட யாராலும் மாற்ற முடியாது, பிழைக்குறிப்பைப் பக்கத்தில் சேர்க்கலாம், இல்லையென்றால் புது எண்ணில் புது ஆவணம்தான்.